சரிவு விளையில் மண் அரிப்பைத் தடுப்பது எப்படி: இடவப்பாதிக்கு முன் செய்ய வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு வடக்கே 60 சென்ட் சரிவு விளை (தோட்ட நிலம்) ஒன்று எனக்குக் குடும்பப் பங்காக வந்தது. பால் வற்றிய பழைய ரப்பர் மரங்களை வெட்டி விற்றபின், நிலத்தை ஒரே நாளில் சுத்தமாக்கித் தருவதாகச் சொன்ன ஒப்பந்தக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, மே மாதக் கடைசியில் ஜேசிபி இறக்கி, புல், வேர், சருகு அனைத்தையும் வழித்தெடுக்க விட்டுவிட்டேன். பத்து நாளில் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. ஜூன் முடிவதற்குள் விளையின் கீழ்ப்பாதியில் முழங்கால் ஆழத்துக்கு மூன்று பள்ளங்கள் அறுந்துவிட்டன. என் மேல்மண் கீழே உள்ளவருடைய வாழைகளின் அடியில் சேறாகப் படிந்திருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அந்தச் சேற்றைக் கூலி கொடுத்து அள்ளினேன். அதன்பின் மூன்று மழைக்காலம் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை, சரிவு நிலத்தை முதன்முறையாகக் கையில் எடுக்கும் உங்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். திருவட்டாறு, கல்குளம், விளவங்கோடு, தோவாளை வட்டங்களின் மலையடிவாரப் பகுதிகளுக்கு இது அப்படியே பொருந்தும்.

1. எதையும் வெட்டுவதற்கு முன் ஒரு மழையில் நின்று பாருங்கள்

மண் அரிப்பு என்றதும் ஓடும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ஆனால் அரிப்பு தொடங்குவது துளி விழும் இடத்தில். பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வரையான வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் மண்ணில் விழுந்தால் மண்கட்டியை உடைத்து, பொடியைத் தெறிக்க வைத்து, மண்ணின் துவாரங்களை அந்தப் பொடியாலேயே அடைத்துவிடுகிறது. துவாரம் அடைபட்ட மண்ணுக்குள் தண்ணீர் இறங்காது. இறங்காத தண்ணீர் ஓடும். ஓடும்போது உடைந்த பொடியைச் சுமந்து செல்லும். மழை விட்டதும் வெறும் தரையில் குனிந்து பார்த்தால், சிறு கற்கள் ஒவ்வொன்றும் ஓர் அங்குல உயர மண் தூணின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருப்பதைக் காணலாம். கல்லின் அடியில் மட்டும் மண் பிழைத்திருக்கிறது. சுற்றியிருந்த ஓர் அங்குலம் போய்விட்டது.

60 சென்டில் 1 மில்லிமீட்டர் மண் போனாலே ஏறத்தாழ 3 டன் ஆகும். கண்ணுக்குத் தெரியாத இழப்பு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

இன்னொரு சோதனையையும் செய்யுங்கள், செலவு ஏதுமில்லை. இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் நிரப்பி, ஒன்றில் பல ஆண்டு சருகு மூடிக்கிடந்த இடத்தின் மண்கட்டியையும், மற்றதில் வெறும் தரையின் மண்கட்டியையும், இரண்டையும் உலர்த்தியபின், மெல்ல இறக்குங்கள். என் விளையில் வெறும் தரைக் கட்டி ஒரு நிமிடத்துக்குள் கரைந்து தண்ணீரைக் கலக்கிவிட்டது. சருகடி மண் அரை மணி நேரம் கழித்தும் கட்டியாகவே கிடந்தது. அந்தக் கட்டியைப் பிணைத்து வைத்திருந்தவை நுண்ணிய வேர்கள், பூஞ்சை இழைகள், மண்புழுவின் எச்சம், மட்கிய இலை ஆகியவை. இவை இருக்கும் மண்ணைக் காப்பது எளிது. போய்விட்ட மண்ணில் இவற்றை மீட்க ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே நீங்கள் செய்யப்போகும் வேலையில் பாதி, ஏற்கெனவே இருப்பதைக் கெடுக்காமல் விடுவதுதான்.

2. ஆவணங்களை ஜனவரியிலேயே சேர்த்துவிடுங்கள்

பட்டா, சிட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் கைப்பேசி எண்ணைக் கொடுத்துக் கட்டணமின்றி எடுக்கலாம். பயிர் விவரப் பதிவான அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பெறுங்கள். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், புகைப்படம் இரண்டு ஆகியவற்றையும் அதே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். வேளாண்மைத் துறையின் மானியங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிறு, குறு விவசாயி சான்றிதழ் கேட்பார்கள். இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். என்னிடம் 60 ரூபாய் வாங்கினார்கள், சான்றிதழ் கைக்கு வர மூன்று வாரம் ஆனது.

இங்கே நான் மாட்டிக்கொண்ட இடம் பட்டா. நிலம் எனக்குப் பாகம் பிரிந்து வந்திருந்தாலும் பட்டா தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பியபின்தான் காரணத்தையே சொன்னார்கள். உங்கள் பட்டா கூட்டுப் பட்டாவாகவோ, இறந்தவர் பெயரிலோ இருந்தால், வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றுடன் பட்டா மாறுதலுக்கு உடனே விண்ணப்பியுங்கள். அதற்குள் மழைக்காலம் வந்துவிடும் என்றால், மானியத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டு, வேலையைச் சொந்தச் செலவில் தொடங்குங்கள். மானியத்துக்காக ஒரு மழைக்காலத்தைத் தவறவிட்டால் போகும் மண்ணின் மதிப்பு மானியத்தை விடப் பெரிது.

அடுத்து, மூன்று செய்திகளை உங்கள் சர்வே எண்ணை வைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, அந்த எண் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டதா என்பது. அப்படியானால் மரம் வெட்டவும் நிலத்தை விற்கவும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். நம் மாவட்டத்தில் ரப்பர் வைத்திருக்கும் பலர் இதைத் தெரியாமல் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது, கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளதா என்பது. இருந்தால் மண் வெட்டி நிலத்தின் அமைப்பை மாற்றும் வேலைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. மூன்றாவது, விளையை ஒட்டிய ஓடை புலப்படத்தில் புறம்போக்காகக் காட்டப்பட்டுள்ளதா என்பது. புறம்போக்குக்குள் சுவர் கட்டினால் அது ஆக்கிரமிப்பு. தவிர, சமப்படுத்தும்போது கிடைக்கும் செம்மண்ணை லாரியில் ஏற்றி வெளியே அனுப்புவதற்குக் கனிமத் துறையின் அனுமதி வேண்டும். ‘மண்ணை நானே எடுத்துக்கொள்கிறேன், வண்டிக் கூலி வேண்டாம்’ என்று யாராவது சொன்னால், அவருக்கு ஆதாயம் உங்கள் மேல்மண், வழக்கு உங்கள் பெயரில் என்பதை நினைவில் வையுங்கள்.

3. சம உயரக் கோட்டைக் குறியுங்கள்

மார்ச் மாதத்தில் மண் உலர்ந்திருக்கும்போது இதைச் செய்யுங்கள். சம உயரக் கோடு என்பது சரிவின் குறுக்கே ஏறாமலும் இறங்காமலும் செல்லும் கோடு. மண்ணைத் தடுக்கும் வெட்டிவேர்ப் புல்லை இந்தக் கோட்டில்தான் வரிசையாக நட வேண்டும். கண்ணால் பார்த்துக் கயிறு பிடித்தால் தவறிவிடும்; நான் அப்படித்தான் முதல் வரிசையைப் போட்டேன். ஓரிடத்தில் கோடு ஒரு சாண் தாழ்ந்திருந்தது. வரிசை முழுவதும் தடுத்த தண்ணீர் அந்தத் தாழ்விடத்துக்கு ஒன்றுகூடி வந்து, உடைத்துக்கொண்டு, முன்பிருந்ததை விட ஆழமான பள்ளத்தை உண்டாக்கியது.

இரண்டு மீட்டர் நீளமுள்ள இரண்டு மூங்கில் கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை இரண்டு மீட்டர் அகலத்துக்கு விரித்து, நடுவில் குறுக்குச் சட்டம் கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். இரு கால்களையும் தரையில் ஊன்றி, கயிறு சட்டத்தைத் தொடும் இடத்தில் கோடு கிழியுங்கள். பின் கால்களை அதே இரு புள்ளிகளில் இடம் மாற்றி ஊன்றி இன்னொரு கோடு கிழியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை மேலும் கீழும் நகர்த்தி, கயிறு நடுப்புள்ளியில் நிற்கும்போது முளை அடியுங்கள், அங்கிருந்து அடுத்தது. 40 மீட்டர் அகலத்துக்கு இரண்டு பேருக்கு ஒரு மணி நேரம் போதும். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூபாலும் இதைச் செய்யலாம். விளையின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் எவ்வளவு உயர வேறுபாடு என்பதை அளக்க அந்த ட்யூப்தான் வசதி.

வரிசைக்கும் வரிசைக்கும் இடையே 2 மீட்டர் உயர வேறுபாடு இருக்கட்டும். என் விளை 60 மீட்டர் நீளத்தில் 10 மீட்டர் இறங்குகிறது. ஆகவே 12 மீட்டருக்கு ஒரு வரிசை, கீழ் எல்லை உட்பட ஐந்து வரிசைகள்.

4. தரையை மூடிவையுங்கள்

மரம் இருந்தால் மண் அரிக்காது என்று பலர் நம்புகிறார்கள். பாதி உண்மைதான். உயரமான மரத்தின் இலையில் சேர்ந்து விழும் துளி, மழைத்துளியை விடப் பெரிதாக இருக்கும். எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறக்குறைய முழு வேகத்தையும் மீண்டும் பெற்றுவிடும். தேக்கின் அகன்ற இலையின் கீழ், தரையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கும் தோட்டங்களில் வேர்கள் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். காட்டில் மண்ணைக் காப்பது மேலே விரிந்த கிளையும், இடையில் நிற்கும் செடியும், அடியில் கிடக்கும் சருகும், அதற்கும் அடியில் வேரும் சேர்ந்த அடுக்கு. கீரிப்பாறைக்கோ காளிகேசத்துக்கோ போகும்போது காட்டோரத்தில் சருகை விலக்கிப் பாருங்கள். எவ்வளவு மழை பெய்திருந்தாலும் அடியில் மண் பொலபொலவென்று இருக்கும். அந்த அடுக்கை உங்கள் விளையில் கீழிருந்து மேலாகக் கட்ட வேண்டும்.

எனவே கரியிலையை (காய்ந்து உதிர்ந்த சருகை) கூட்டி எரிக்காதீர்கள்; டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிரும் காலத்தில் அதை மிகவும் கவனமாகச் சேர்த்து வையுங்கள். விளையில் மண்டும் களைச்செடிகளைக் கையால் வெட்டி, வெட்டியதை அங்கேயே கிடக்க விடுங்கள். களைக்கொல்லி அடித்தால் வேரும் சேர்ந்து சாகும். மழைக்கு முந்தைய மாதத்தில் அதை அடிப்பது ஜேசிபி விடுவதற்கு அடுத்தபடியான தவறு. ரப்பர் புதுநடவு என்றால் தரையை மூடிப் படரும் மூடுபயிராகப் பியூரேரியாவோ முக்குனாவோ (இரண்டும் பயறுவகைக் கொடிகள்) விதைக்கலாம். முக்குனா வறட்சியைத் தாங்கும், ஆடுமாடு கடிக்காது, ஆனால் இளங்கன்றின் மேல் ஏறி அமுக்கிவிடும். மாதம் ஒருமுறை கன்றைச் சுற்றிக் கொடியை விலக்க ஆள் இல்லை என்றால் அதைத் தொடாதீர்கள்.

5. வெட்டிவேர் வரிசை

என் விளையில் பள்ளங்களை நிறுத்தியது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வெட்டிவேர் பக்கவாட்டில் படராமல் நேர் கீழே வேர் விடும். நல்ல மண்ணில் ஓராண்டுக்குள் 3 மீட்டர் வரை இறங்கும். செம்பூறாங்கல் மேலாக இருக்கும் இடத்தில் அவ்வளவு போகாது, ஆனாலும் பிடித்துக்கொள்ளும். நெருங்கி வளர்ந்த வரிசை தண்ணீரைத் தேக்காது, வடிகட்டும்: தண்ணீர் தண்டுகளுக்கிடையே வேகம் குறைந்து கசிந்து செல்ல, சுமந்துவந்த மண் மேல்பக்கத்தில் படியும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தப் படிவே ஒரு திட்டாகிவிடும்.

நாற்றை வாங்கும்போதும் நடும்போதும், கீழ்க்கண்ட நான்கையும் பாருங்கள்.

தூர் ஒன்றில் இரண்டு அல்லது மூன்று தண்டுகள் இருக்க வேண்டும். ஒற்றைத் தண்டு பாதிக்குமேல் பிழைப்பதில்லை.

இலையை 20 சென்டிமீட்டருக்கும் வேரை 10 சென்டிமீட்டருக்குள்ளும் நறுக்கி, சாணக் கரைசலில் நனைத்து, வாங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் நட்டுவிட வேண்டும்.

தூருக்குத் தூர் 15 சென்டிமீட்டர், அதற்கு மேல் கூடாது. சரிவு கடுமையாக இருந்தால் 10. கஞ்சத்தனமாக ஒரு முழ இடைவெளி விட்டால் அது வரிசையாகாது, தனித்தனித் தூராக நிற்கும். தண்ணீர் இடையில் பாய்ந்து இரண்டு பக்கமும் அறுக்கும்.

நிழலில் நடக்கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அயனிமரத்தடியில் நட்ட எட்டு மீட்டர் வரிசை ஓராண்டில் மெலிந்து போனது. நிழலுள்ள இடத்தில் அன்னாசியைச் சம உயரக் கோட்டில் இரட்டை வரிசையாக நட்டால் ஓரளவு அந்த வேலையைச் செய்யும்.

நடும் காலம், கோடைமழை ஒன்றிரண்டு பெய்து மண் நனைந்த ஏப்ரல் பிற்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை. தவறினால், செப்டம்பரில் மழை ஓயும் இடைவெளியில் நட்டு, ஐப்பசி மழைக்குள் வேர்பிடிக்க விடலாம். பெருமழையின் நடுவில் நட்டால் நாற்றே அடித்துச் செல்லப்படும். நட்ட ஒரு மாதத்தில் வரிசையை நடந்து பார்த்து, பட்டுப்போன இடங்களை நிரப்புங்கள். ஒரு முழ இடைவெளி போதும், வரிசை முழுவதும் வீணாக. நான்காவது மாதத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் பக்கத் தண்டுகள் வெடிக்கும். வெட்டிய இலையை வரிசையின் மேல்பக்கத்தில் பரப்புங்கள்.

வேருக்கு விலை உண்டு என்று கேட்டு யாராவது வருவார்கள். தடுப்பு வரிசையின் வேரைத் தோண்டி விற்கக்கூடாது. விற்க விருப்பமானால் சமதரையில் தனியாக வளருங்கள்.

6. மழைக்குழிகளில் எச்சரிக்கை

வரிசைகளுக்கிடையே மழைநீர்க் குழிகள் வெட்டுவது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். மிதமான சரிவில் அது உண்மை. ஆனால் கடும் சரிவில், ஆழமான மண் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கும் இடத்தில், குழிகளில் தேங்கும் நீர் உள்ளிறங்கி மண்ணைக் கனமாக்கி, பாறையின் மேல் வழுக்க வைத்துவிடும். வீட்டின் பின்புறச் சரிவில் அப்படிக் குழி வெட்டவே கூடாது. அங்கே தண்ணீரை மெல்ல வடித்து வெளியேற்றும் கல் பதித்த வாய்க்காலே பாதுகாப்பு. சரிவில் பிளவு கண்டாலோ, மரங்கள் புதிதாகச் சாய்ந்தாலோ, செடி நடுவதால் சரியாகும் என்று காத்திருக்காமல் வட்டாட்சியர் அலுவலகத்தில் தெரிவித்து, மழைநாட்களில் அங்கிருந்து விலகி இருங்கள்.

கய்யாலை (சரிவைத் தாங்கும் கல்சுவர்) கட்டுவதானால் கல்லுக்கிடையே தண்ணீர் கசிய இடம் விட வேண்டும். சிமென்ட் பூசி அடைத்த என் முதல் கய்யாலை, பின்னால் ஏறிய நீரின் பாரத்தில் ஒரே இரவில் எட்டு மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்தது.

7. மரமும் இடைப்பயிரும்

வேர் வகையைக் கலந்து நடுங்கள். அயனி, பலா, மா போன்றவை ஆழமாகப் பிடிக்கும். சீமைக்கொன்றையை (கிளைரிசிடியா) வேலியாகவும் வரிசையின் ஓரமாகவும் நட்டால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தழை வெட்டி மூடாக்காகப் போடலாம். அரசின் மரக்கன்றுத் திட்டங்களுக்கு உழவன் செயலியில் பதிவு செய்யுங்கள். கன்று கிடைக்கும் மாதம் முன்பின்னாகலாம் என்பதால் குழியை முன்னதாக வெட்டிப் போட்டு மண்ணை மழைக்குக் காட்டாதீர்கள்.

மரச்சீனி (மரவள்ளி) போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சரிவில் மேலிருந்து கீழாக வாரம் (மண்மேட்டு வரிசை) இழுத்து மரச்சீனி நட்டால், ஒவ்வொரு வாரத்துக்கும் இடையே ஒரு வாய்க்கால்தான். பிடுங்கும்போது மண் மீண்டும் கிளறப்படுகிறது. குறுக்காக வாரம் எடுங்கள், இடையில் பயறு விதையுங்கள், முழு விளையையும் ஒரே நாளில் பிடுங்காமல் ஒன்றுவிட்டு ஒரு பட்டையாகப் பிடுங்குங்கள்.

ஓடைக்கரையில் தாழை, மூங்கில், நீர்மருது, புங்கை ஏற்கெனவே நின்றால் அவற்றை வெட்டாதீர்கள். தாழை பாம்புக்கு இடம் கொடுக்கும் என்று சொல்லி வெட்டிய கரைகள்தான் வெள்ளத்தில் முதலில் இடிகின்றன. தாழையின் முட்டுவேர் கரையைக் கட்டிப்பிடித்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் நிலமுள்ளவர்களுக்கு அடும்பும் இராவணன் மீசையும் இதே வேலையை மணலில் செய்கின்றன. ‘சுத்தப்படுத்துவதாக’ அவற்றைப் பிடுங்கினால் மணல்மேடு காற்றில் நகரத் தொடங்கிவிடும்.

8. செலவு

நான் செலவழித்ததை அப்படியே தருகிறேன். கூலியும் விலையும் இடத்துக்கு இடம் மாறும். ஐந்து வரிசை, வரிசைக்கு 40 மீட்டர், ஆக 200 மீட்டர். 15 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் 1,333 தூர். இடைவெளி நிரப்பவும் சேர்த்து 1,500 வாங்கினேன். தூருக்கு 2 ரூபாய், 3,000 ரூபாய். வண்டி வாடகை 800. நடுவதற்கு நான்கு ஆள்கூலி, ஆளுக்கு 900 வீதம் 3,600. சீமைக்கொன்றைக் குச்சிகளைப் பக்கத்து விளையில் இலவசமாகக் கொடுத்தார்கள். மொத்தம் 7,400 ரூபாய். சாய்ந்த எட்டு மீட்டர் கய்யாலையை மீண்டும் கட்ட மட்டும் இதைப் போல நான்கு மடங்குக்கு மேல் ஆனது. இரண்டாம் ஆண்டில் உங்கள் வரிசையிலிருந்தே தூர் பிரித்து விரிவாக்கலாம் என்பதால், பணம் குறைவானால் முதல் ஆண்டில் நடுவரிசை இரண்டை மட்டும் நட்டுத் தொடங்குங்கள்.

மண் பரிசோதனையையும் இதோடு செய்துவிடுங்கள். பத்துப் பதினைந்து இடங்களில் மேல் சருகை விலக்கி, ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்து, அரைக் கிலோ மிஞ்சும்வரை குறைத்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுங்கள். மேல் விளை, கீழ் விளை இரண்டுக்கும் தனி மாதிரி எடுங்கள். பயிர் குறித்த ஐயங்களுக்குப் பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் நேரில் கேட்கலாம். காலையில் போனால் பொறுமையாகப் பேசுகிறார்கள்.

9. முதல் மழைக்காலத்தில்

மே மாதத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் மேலேயும் கீழேயும் ஒரு முழ நீளக் கம்பியை அடித்து, தரை மட்டத்தில் பெயின்ட் கோடு போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் கோட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரம் எவ்வளவு போனது, எவ்வளவு சேர்ந்தது என்பதைக் காட்டிவிடும். வரிசையின் கீழ்ப்பக்கக் கம்பியில் கோடு வெளியே தெரிந்தால், அந்த இடத்துக்கு மேலே எங்கோ வரிசை விட்டிருக்கிறது என்று பொருள்.

முதல் பெருமழையன்று குடையோடு விளைக்குப் போங்கள். தண்ணீர் எங்கே சேர்கிறது, எந்த நிறத்தில் போகிறது என்று பாருங்கள். செம்மண் நிறமாகப் போகும் இடத்தில் அன்றைக்கே வெட்டிய கிளைகளையும் தென்னை மட்டைகளையும் குறுக்கே போட்டு, மேல்பக்கம் சருகைக் குவித்து, இரண்டு முளை அடித்து நிறுத்துங்கள். மழை விட்டபின் அங்கே தூர் நடலாம். போன ஜூலையில் என் விளையின் கீழ் எல்லையில் கையால் அள்ளிய தண்ணீரில் உள்ளங்கை ரேகை தெரிந்தது. கீழ்விளைக்காரரைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். அவர் தன் எல்லையில் நட நூறு தூர் கேட்டார், ஆகஸ்ட் கடைசியில் பிரித்துக் கொடுத்தேன்.